தன்மை ஒருமை

குளிசைப் போத்தலில் என் பெயரை ஒட்டித் தந்தாள்
மருந்துக்கடை மிஷ்லின்.
கங்காதேவி. காலையில் ஒன்று.
பெயரிலேயே ஆறு ஓடுகிறது என்று
அவளுக்குச் சொல்லவில்லை.
சொன்னால் விளக்கவேண்டும்,
விளக்கி முடிக்குமுன் நான் ஓடவேண்டும்.

"நாலு கிழமை செல்லும்.
சலப்பைக்குப் பொறுமை பழக்குகிற மருந்து.
வாய் காயும், அதற்குப் பயப்படாதே."
வாய்தான் மிஷ்லின் என் தொழில்.

ஊரார் நோயெல்லாம் டொக்டர்மாருக்குச்
சொல்லிக் கொடுத்த நான்
இதைச் சொல்ல மூன்று வருடம் எடுத்தது.
ஒரு கொப்பி தந்து எழுதச் சொன்னார்:
காலை ஐந்து பத்து, இருநூறு மில்லிலீற்றர்.
ஐந்து நாற்பது, அறுபது.
மாலை ஆறு ஐந்து, வீட்டுத் திறப்பைப்
பூட்டுக்குள் விடும்போது,
அளக்க முடியவில்லை.

கோட்-டே-நெய்ஜிலிருந்து நகரத்துக்கு
நான் இறங்கி ஏறும் எந்த மெட்ரோவிலும் கழிப்பறை இல்லை.
இந்த மொன்றியலின் வரைபடம் எனக்கு வேறு.
நூலகம், இரண்டு கோப்பிக் கடை,
யாரென்று கேட்காத ஒரு ஹோட்டல்,
ஜனவரியில் பூட்டிவிடும் பூங்கா.
கல்யாண வீட்டில் கதவோரக் கதிரை.

விசாரணை அறை ஏழாம் மாடியில்.
அங்கே நான் யாருமில்லை.
'நான் பயந்தேன்' என்று யோகசீலன் சொன்னால்
நானும் ஆங்கிலத்தில் பயப்படவேண்டும்.
'அவர்' என்று சொல்லக்கூடாது.
பதினெட்டு வருடத்தில்
எத்தனையோ தரம் கடல் தாண்டியிருக்கிறேன்,
கடவுச்சீட்டைக் கிழித்து
விமானக் கழிப்பறையில் போட்டிருக்கிறேன்,
என் தம்பியை அடையாளம் காட்டியிருக்கிறேன்.
எனக்குத் தம்பி இல்லை.

சொந்தமாக ஒரு வசனம் வேண்டுமென்றால்
என்னைப் படர்க்கையில் சொல்லவேண்டும்:
உரைபெயர்ப்பாளருக்கு ஒண்டுக்கு வருகிறது.
இரண்டு மொழியிலும் சொல்லிப் பார்த்தேன்.
இரண்டிலும் நல்லாயில்லை.

ஆத்திரத்தை அடக்கினாலும்
மூத்திரத்தை அடக்காதே என்பார்கள்.
இரண்டையும் அடக்கத்தான்
எனக்கு மணிக்கணக்கில் சம்பளம்.

பதினோராம் குளிசை. பத்து ஐம்பது.
அவர் சோதனைச்சாவடியில் நிற்கிறார்.
என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
தண்ணீர்க் குவளை கையெட்டும் தூரத்தில்.
குடித்தால் மேலே திறக்கும்,
கீழேயும் திறக்கும்.
மேசைக்கடியில் குதிக்கால்
தன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

யோகசீலன் நிறுத்தினார். கீழே பார்த்தார்.
இந்த நாளுக்கென்று
ஆறு வருடம் காத்திருந்த மனிதர்,
துவக்கு நெஞ்சில் இருக்கும்போதே,
அரைவாசி வசனத்தில்,
"எனக்கு ஒருக்கால் ஒண்டுக்குப் போகவேணும்" என்றார்.

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்
ஆங்கிலத்தில் சொன்னேன்.
'நான்' என்பதை அந்த அறையில்
இவ்வளவு உண்மையாக
ஒருநாளும் சொன்னதில்லை.

பத்து நிமிடம் என்றார் அதிகாரி.
நான் நடக்கவில்லை.

திரும்பி வரும்போது அவர்
ஜன்னலடியில் நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆண்கள் பக்கத்துக் கதவை மறித்து
கழுவுகிறார்கள் என்று மஞ்சள் பலகை.
போனீங்களோ என்று கேட்க வாய் வந்தது.
அறைக்கு வெளியே அவரோடு கதைக்க
எனக்கு அனுமதி இல்லை.
அவரும் திரும்பவில்லை.

விட்ட இடத்திலிருந்து தொடங்கச் சொன்னார்கள்.
நான், என்றார் அவர்.
ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன்.
நாலு கிழமைக்கு இன்னும் பதினேழு நாள்.